தோள் சாட்சி

முன்னொரு காலத்தில், கோழி பால் கொடுக்கும் என்று ராஜா சொன்னால் சொம்பைத் தூக்கிக்கொண்டு கோழிக்கூண்டுக்கு ஓடுகிற மந்திரிகள் இருந்த காலத்தில், ஒரு ராஜாவுக்குத் தெப்பத்தின் மேல் ஆசை வந்தது. சாதாரணத் தெப்பம் இல்லை; அன்னப்பறவை போலக் கழுத்து வளைந்த தெப்பம். அதில் பட்டத்து ராணியோடு கோடை முழுக்க உலா வர வேண்டும். குளத்தில் தண்ணீர் ஒரு விரற்கடை கூடக் குறையக் கூடாது. தெப்பம் தரை தட்டினால் ராஜாவின் மானம் கப்பலேறிவிடுமாம்!

அந்தக் குளத்துத் தண்ணீரைத்தான் ஊரே குடித்தது. ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியே நீர் வந்து ஒரு பக்கம் விழும். மறுபக்கம் மதகு வழியே வெளியேறி வயலுக்குப் போகும். இப்படி வருவதும் போவதுமாக இருந்ததால்தான் அது குடிக்கிற தண்ணீராக இருந்தது. “மதகை அடைத்துவிட்டால் ஆயிற்று, மகாராஜா!” என்றார் பிரதானி அனந்தப்பர். அடைத்தார்கள். செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசி அடைத்தார்கள். குளம் நிரம்பிக் கரை உடைந்துவிடப் போகிறதே என்று வாய்க்கால் வாயையும் மண் போட்டு மூடினார்கள். இரண்டும் அரண்மனை மதிலுக்குள் இருந்தன. அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடந்த மாதம், அதனால் வயல்காரர்களும் தண்ணீரைத் தேடவில்லை. ஊர் பார்த்ததெல்லாம் தளும்பி நிற்கிற குளத்தைத்தான். “ராஜா புண்ணியவான்யா, பங்குனியில கூடக் குளம் ரொம்பி நிக்குது!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மதகை அடைத்த அன்று சபையே அங்கே நின்றது. அரண்மனை விகடன் தாண்டவராயனும் நின்றான். தேங்கிய தண்ணீர் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ராஜா அவன் முகத்தைப் பார்த்தார்; ராஜா பார்த்தால் அவன் சிரிக்கவைக்க வேண்டும். “இனி இந்தக் குளத்து மீன்களுக்கு வெளியூர்ப் பயணம் கிடையாது” என்றான். ராஜா சிரித்தார். ராஜா சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு மாதம் அன்னத் தெப்பம் ஆடி ஆடிப் போயிற்று. அரண்மனை யானைகளையும் குதிரைகளையும் அதே குளத்தில்தான் குளிப்பாட்டினார்கள். தண்ணீரின் நிறம் மாறியது. பிறகு வாந்திபேதி வந்தது.

வந்தது என்றால் எப்படி வந்தது! காலையில் வாசலில் கோலம் போட்டவளை மாலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கிப் போனவனை மறுநாள் தூக்க ஆள் இல்லை. அரண்மனைக்கு மட்டும் தனிக் கிணறு இருந்ததால் அங்கே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. தாண்டவராயனின் வீடு அரண்மனைக்கு வெளியே இருந்தது. அவனுக்கு ஒரே மகள், சின்னமணி. ஆறு வயது. ஒரே பகலில் போய்விட்டாள்.

பிணத்தை எரிக்க விறகுக்குப் பஞ்சம் வந்த அந்த நாட்களிலும் பேச்சுக்குப் பஞ்சம் வரவில்லை. ஆற்று மணலில் ஒன்பது வண்டிகளோடு உப்பு விற்கிறவர்கள் இறங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி குளத்தில் விஷத்தைக் கலந்துவிட்டாள் என்றார்கள். முதல் நாள் அது ஒரு பொட்டலம். இரண்டாம் நாள் ஒரு பானை. நான்காம் நாள் பன்னிரண்டு ஜாடி, அதுவும் பக்கத்து நாட்டு ராஜா கொடுத்தனுப்பிய ஜாடி. ஜாடியின் மூடியில் பாம்பு பொறித்திருந்தது என்று ஒருவன் சத்தியம் செய்தான். இத்தனை பேச்சிலும் ஒரே ஒரு உண்மை இருந்தது: உப்புக்காரர்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. போதாதா? கும்பலாகப் போய்க் கல்லால் அடித்தார்கள். சிலம்பாயி என்பவளின் கணவன் அங்கேயே விழுந்து செத்தான். மிச்சம் இருந்தவர்களைக் குழந்தை குட்டியோடு யானைக் கொட்டாரத்தில் அடைத்து, வெள்ளிக்கிழமை யானைக் காலில் இடுவது என்று தீர்ப்பாயிற்று.

புதன்கிழமை சபை கூடியது. ராஜா கொட்டாவி விட்டார்.

“தாண்டவராயா, பத்து நாளாகச் சபையில் சிரிப்பே இல்லை. ஏதாவது சொல்.”

தாண்டவராயன் மகளைப் புதைத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

“சிரிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு, மகாராஜா. விஷமே இல்லாத குளத்தில் விஷம் வைத்ததற்காக ஒன்பது குடும்பங்களை யானைக்கு இடப் போகிறோம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பிரதானி அனந்தப்பர் மட்டும் மெல்ல எழுந்தார். அவருக்கு விகடன் மேல் வெகுநாள் பொறாமை. தான் மூன்று நாள் முயன்றும் வாங்க முடியாத உத்தரவை இவன் ஒரு சிரிப்பில் வாங்கிவிடுகிறானே என்ற எரிச்சல்.

“அரசே, விஷம் இல்லை என்று விகடருக்குத் தெரியுமாம். நல்லது. அந்த ‘இல்லை’யை அவர் சபைக்குக் காட்டட்டும். நாளை உச்சிப்பொழுதுக்குள் அதைக் கொண்டுவந்து தங்கள் முன் நிறுத்தட்டும். முடியாவிட்டால், தேசத் துரோகிகளுக்குப் பரிந்து பேசியவருக்கும் அவர்களுக்கு உண்டான தண்டனையே உரியது.”

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கம் போயே போய்விட்டது.

“பலே! இல்லாததைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நிறுத்தினால் உப்புக்காரர்களுக்கு விடுதலை. இல்லையேல் நீயும் யானைக் காலுக்கு. சம்மதமா, தாண்டவராயா?”

மதகு என்ற சொல் அவன் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் ராஜாவைப் பார்த்து நீதான் கொன்றாய் என்று சொன்னது போல. அவன் அதை விழுங்கிவிட்டு, “சம்மதம், மகாராஜா” என்றான்.

சபையிலிருந்து நேரே யானைக் கொட்டாரத்துக்குப் போனான். சாணி நாற்றத்துக்கு நடுவே, பிள்ளைகளைச் சுற்றிலும் உட்காரவைத்துக்கொண்டு சிலம்பாயி இருந்தாள். அவள் முந்தானையில் கணவனின் ரத்தம் காய்ந்திருந்தது.

“நீங்கதான் ராசாவைச் சிரிக்கவைக்கிறவரா?” என்றாள்.

“ஆமாம்மா.”

“எங்க வீட்டுக்காரரக் கல்லால அடிச்சப்பவும் நாலு பேரு சிரிச்சாங்க சாமி.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “உங்கள்ல ஒருத்தருக்குமே சீக்கு வரலையே, எப்படிம்மா?” என்று கேட்டான்.

“நாங்க ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டி அதுலதான் குடிக்கிறோம். உங்க குளத்துப் பக்கமே போறதில்ல. அது நாறிக் கெடக்கே! ஊர்ல ஒருத்தருக்கும் மூக்கு இல்லையா சாமி?”

மூக்கு இருந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து குடித்த குளம், அதிலும் ராஜா தெப்பம் விடுகிற குளம்! நாறுகிறது என்று எவன் வாயைத் திறப்பான்? தாண்டவராயன் வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் அவன் மனைவி வடிவு, மகளின் சின்னப் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் கேட்டாள்:

“அந்த உப்புக்காரிய வெள்ளிக்கிழமை யானைக்குப் போடுறாங்களாமே? நானும் வருவேன். கண்ணால பாத்தாத்தான் எனக்கு ஆறும்.”

“அவ ஒண்ணும் செய்யல, வடிவு.”

“செய்யலையா? ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனான். “அவ செஞ்சான்னு உனக்கு யாரு சொன்னா?”

“பூக்காரி செண்பகம் சொன்னா.”

“செண்பகம் பாத்தாளா?”

“அவளுக்கு வெத்திலைக் கடை மொக்கையன் சொன்னானாம்.”

“மொக்கையன் பாத்தானா?”

“எனக்கென்ன தெரியும்!” வடிவு வெடித்தாள். “ஊரே சொல்லுது. ஊரே பொய் சொல்லுமா? எம்புள்ள நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்தா? சும்மா சாவாளா ஒரு புள்ள? யாரோ ஒருத்தி செஞ்சதாலதானே செத்தா? அது யாருன்னு சொல்றாங்க, அவளப் போயி நல்லவன்னு சொல்ல வர்றீங்களே, நீங்க அப்பனா?”

அவள் அழுதாள். அவனும் அழுதான். அழுகைக்கு நடுவிலேயும் அந்தப் பெயர்கள் அவன் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தன: வடிவுக்குச் செண்பகம், செண்பகத்துக்கு மொக்கையன், மொக்கையனுக்கு யார்?

அந்த நாட்டில் நிலத் தகராறுகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எல்லைக்கல் காணாமற்போய்விட்டால் ‘தோள் சாட்சி’ வைப்பார்கள். கல் இந்த இடத்தில்தான் இருந்தது என்று கேள்விப்பட்டவன், தனக்கு அதைச் சொன்னவனின் தோளில் வலது கையை வைத்து அவன் பின்னால் நிற்க வேண்டும். அவன் தனக்குச் சொன்னவனின் தோளில். இப்படியே போய், வரிசையின் தலையில் கல்லைக் கண்ணால் கண்டவன் ஒருவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பான். அவன் நின்றால் வழக்கு ஜெயம். பொய்யாக ஒரு தோளைத் தொட்டால் தொட்ட கை விளங்காமல் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். எல்லைக்கல்லைத் தவிர வேறு எதற்கும் அதுவரை யாரும் தோள் சாட்சி வைத்ததில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் தாண்டவராயன் தண்டோரா போட்டான்: “குளத்தில் விஷம் வைத்தது தெரிந்தவர்கள் எல்லோரும் அரண்மனை மைதானத்துக்கு வரவும்! தோள் சாட்சி! தோள் சாட்சி!”

வராமல் இருப்பார்களா? ஒருத்தியைக் கொல்ல உதவி செய்யக் கூப்பிடுகிறார்கள், கூலி கூட வேண்டாம்! நோயில் தப்பியவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ராஜா உப்பரிகையில் மெத்தை போட்டு உட்கார்ந்தார். அனந்தப்பர் பல்லக்கில் வந்து இறங்கினார்.

“யாருக்கு யார் சொன்னார்களோ, அவர்கள் தோளில் கை வையுங்கள்!” என்றான் தாண்டவராயன்.

அடேயப்பா, என்ன களேபரம்! நாத்தனார் இருவர் நீதான் சொன்னாய், நீதான் சொன்னாய் என்று குடுமிப்பிடியாக நின்றார்கள். நாவிதன் ஒருவன் தோளில் நாற்பது பேர் கை வைக்க வந்தார்கள். இடம் போதாமல் ஒருவர் கைமேல் ஒருவர் வைத்தார்கள். பாம்பு மூடியைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தவன், கை விளங்காமல் போகும் என்ற பயத்தில், சத்தமில்லாமல் தன் மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டான். மெல்ல மெல்ல வரிசைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. வடிவும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து செண்பகத்தின் தோளில் கை வைத்தாள். செண்பகத்தின் கை மொக்கையன் தோளில். மொக்கையன்தான் எல்லோருக்கும் முன்னால், ஏதோ மாப்பிள்ளை ஊர்வலம் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

“மொக்கையா, நீ பாத்தியா?”

“நான் எங்கங்க பாத்தேன்? பிரதானி ஐயா பல்லக்குத் தூக்குறவங்க கடையில வெத்திலை போட வந்தப்ப சொன்னாங்க.”

பல்லக்குக்காரர்கள் முழித்தார்கள். “நாங்களும் பாக்கல சாமி. பல்லக்குல எசமான் யார்கிட்டயோ சொல்லிக்கிட்டு வந்தாரு. எங்க காதுல விழுந்துச்சு.” சொல்லிவிட்டு, அனந்தப்பரின் பட்டு அங்கவஸ்திரத்தின் மேல் கையை வைத்தார்கள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது.

உப்பரிகையிலிருந்து ராஜா குனிந்து கேட்டார்: “அனந்தப்பரே, நீர் கண்ணால் கண்டீரா?”

அனந்தப்பர் வாயைத் திறப்பதற்குள் தாண்டவராயன் பணிவாகச் சொன்னான்: “யோசித்துச் சொல்லுங்கள், பிரதானி அவர்களே. குடிக்கிற தண்ணீரில் விஷம் விழுவதைக் கண்டும் தடுக்காமல் நின்றவருக்கு என்ன தண்டனை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.”

அனந்தப்பருக்கு வேர்த்துக் கொட்டியது. “நான் காணவில்லை, அரசே! கேள்விப்பட்டேன். என் மாளிகைக்குப் பூ கொடுக்க வரும் இந்தச் செண்பகம்தான் சொன்னாள்.” ஒற்றை விரலால் பூக்காரியின் தோளைத் தொட்டார்.

“ஐயையோ சாமி!” என்று அலறினாள் செண்பகம். “எனக்கு மொக்கையன்ல சொன்னான்!”

அவ்வளவுதான். மொக்கையன் பல்லக்குக்காரரைப் பிடித்திருக்க, பல்லக்குக்காரர் பிரதானியைப் பிடித்திருக்க, பிரதானி பூக்காரியைப் பிடித்திருக்க, பூக்காரி மொக்கையனைப் பிடித்திருக்க, முன்னால் நின்றவன் பின்னால் நின்றான், பின்னால் நின்றவள் முன்னால் நின்றாள். மற்ற ஊர் முழுக்க அந்த வட்டத்தில் வால் வாலாகத் தொங்கிக்கொண்டு நின்றது.

தாண்டவராயன் உப்பரிகையைப் பார்த்துக் கை கூப்பினான். “மகாராஜா, வரிசையின் தலையில் கண்ட சாட்சி நிற்க வேண்டும். தேடிப் பாருங்கள். அந்த இடத்தில் யாரும் இல்லை. தாங்கள் கேட்ட ‘இல்லை’யைக் கொண்டுவந்து தங்கள் முன் நிறுத்திவிட்டேன். உச்சிப்பொழுது ஆக இன்னும் நேரம் இருக்கிறது.”

ராஜா சிரித்தார் பாருங்கள், தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “அனந்தப்பர் செக்குமாடாகிவிட்டார்! தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறார்! உப்புக்காரர்களை விடுங்கள். தாண்டவராயா, என்ன வேண்டும் கேள்!”

அங்கேயே முடித்துக்கொண்டிருக்கலாம். இதுவரை அவன் முடித்துக்கொண்ட எத்தனையோ நாட்கள் போல, பரிசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வடிவு இன்னும் செண்பகத்தின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. சிரிப்புக்கு நடுவே அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

“அப்ப யாரு? அப்ப எம்புள்ளய யாரு கொன்னது?”

தாண்டவராயன் மைதானத்தின் நடுவுக்கு வந்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். கூட்டம் அடங்கியது. அது கண்ட சாட்சி நிற்கிற நிலை என்று குழந்தைக்கும் தெரியும்.

“நான் கண்டேன்” என்றான். “விஷத்தை அல்ல. குளத்து மதகைச் செங்கல் வைத்து அடைத்ததைக் கண்டேன். வாய்க்காலை மண் போட்டு மூடியதைக் கண்டேன். மதிலுக்குள்ளே, தெப்பம் தரை தட்டாமல் இருக்க. அந்தத் தண்ணீரில் யானையைக் குளிப்பாட்டினார்கள். அதைத்தான் நீங்கள் குடித்தீர்கள். உப்புக்காரர்கள் ஆற்று ஊற்றில் குடித்தார்கள், பிழைத்தார்கள். மதகை அடைத்த அன்று நான் அங்கே நின்றேன். நின்று, மகாராஜாவைச் சிரிக்கவும் வைத்தேன்.”

மொக்கையன் பல்லக்குக்காரரின் தோளிலிருந்து கையை எடுத்தான். மெதுவாக நடந்து வந்து, தாண்டவராயனின் பின்னால் நின்று, அவன் தோளில் கை வைத்தான். பின்னால் செண்பகம் வந்தாள். பிறகு நாவிதனும் அவனைப் பிடித்திருந்த நாற்பது பேரும். வட்டம் அவிழ்ந்து, ஒரே நேர்வரிசையாக நின்றது. அந்த வரிசையின் முகம் உப்பரிகையைப் பார்த்து இருந்தது.

ராஜா எழுந்தே விட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. வரிசையின் நீளத்தைப் பார்த்தார், காவலர்களின் எண்ணிக்கையைப் பார்த்தார். பிறகு, முன்னைவிடச் சத்தமாகச் சிரிக்கத் தொடங்கினார்.

“ஆஹா! இதுவல்லவோ விகடம்! மதகைத் திறக்க வேண்டும் என்று நேற்றே நினைத்தேன். என் மனத்தைப் படித்துவிட்டான் தாண்டவராயன்! திறவுங்கள், உடனே திறவுங்கள்!” கையிலிருந்த ரத்தினக் கடகத்தைக் கழற்றித் தாண்டவராயனிடம் வீசினார். “மகாராஜாவின் கருணையே கருணை!” என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் அனந்தப்பர். மதகைத் திறக்கிற பொறுப்பும் அவருக்கே கொடுக்கப்பட்டது.

கூட்டம் மதகை நோக்கி ஓடியது. மைதானம் வெறிச்சோடியது. உப்புக்காரர்கள் கொட்டாரத்திலிருந்து வெளியே வந்தார்கள். சிலம்பாயி அவனைக் கும்பிடவில்லை, நன்றியும் சொல்லவில்லை. “எங்க வீட்டுக்காரர எங்க போட்டாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சாமி” என்றாள். அவனுக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

வடிவு மட்டும் வரிசையில் சேரவில்லை. இருந்த இடத்திலேயே நின்றாள். தாண்டவராயன் கடகத்தோடு அவளருகே போனான்.

“பங்குனியிலயே ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தண்ணி தண்ணின்னு கேட்டா. குளத்துத் தண்ணியத்தான் மோந்து மோந்து குடுத்தேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க.”

வடிவு அவன் கையிலிருந்த கடகத்தைப் பார்த்தாள்.

“ஒரு வார்த்தை சொல்லலையே?”

ராஜா கேட்டாலும், மந்திரி கேட்டாலும், வேற்று நாட்டுத் தூதுவன் கேட்டாலும் கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்கிறவன் தாண்டவராயன். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. வடிவு சற்று நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு தனியாக வீட்டை நோக்கி நடந்தாள். உப்பரிகையில் ராஜா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.